கூர்க்கன் கிழங்கு எலியின் பிபியைக் குறைக்குமா: எந்த மாடலில் சோதிப்பது?

புராஜெக்டில் என்ன செய்யப்போகிறோம் என்ற சினாப்சிஸ் கொடுக்கும் மாதம் வந்துவிட்டால் ஜூனியர்களிடமிருந்து எனக்கு வரிசையாக போன் வரும். இந்த வருடம் முதலில் பேசியது ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். அவன் அப்பா பல வருடம் மருந்துக் கூர்க்கன் போட்டவர், கம்பெனிக்காரர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கிழங்கை வெட்டிக் காயவைத்து மூட்டையாக ஏற்றி அனுப்புகிற, சேலம் மாவட்டத்தில் நன்றாகப் பழகிய விவசாயம் அது. "அண்ணா, எம்.ஃபார்ம் புராஜெக்டுக்கு நம்ம கிழங்கையே எடுத்துக்கலாம்னு இருக்கேன். எலிக்குக் கொடுத்து பிபி குறையுதான்னு பார்க்கணும். எந்த மாடல்ல பண்றது?" என்றான். கைடு என்ன சொன்னார் என்று கேட்டேன். "எது ஈசியோ அதுல பண்ணச் சொன்னார்."

மாடல் என்றால் சோதனைக்காக எலியின் அழுத்தத்தை எந்த வழியில் ஏற்றிவைக்கிறோம் என்பது. ஈசி என்பது ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்து மாடல் எடுத்தால் கடைசியில் கையில் நிற்பது "குறைந்தது" என்ற ஒற்றைச் சொல். எலியின் அழுத்தம் எதனால் ஏறியது என்பதைப் பொறுத்துத்தான் அது குறைந்ததற்கு அர்த்தமே வரும். அவனுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், அடுத்த வருடம் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

முதலில் கிழங்கு. கூர்க்கனில் இருக்கும் சரக்கு ஃபோர்ஸ்கோலின். 1970களில் பம்பாயில் இருந்த ஹெக்ஸ்ட் மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தார் இதைப் பிரித்தெடுத்தார்கள், அதே காலத்தில் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் இதே கிழங்கில் வேலை செய்துகொண்டிருந்தது. அழுத்தத்தைக் குறைக்கிறது, இதயத்தின் சுருங்கும் வலுவைக் கூட்டுகிறது என்ற இரண்டையும் 1978லேயே விலங்குகளில் காட்டிவிட்டார்கள். செல்லுக்குள் இருக்கும் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை இது நேரடியாகத் தட்டி எழுப்புகிறது, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது, ரத்தக்குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது. இந்த வழி 1981இல் தெரியவந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆய்வகங்களில் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்ட வேண்டும் என்றால் கை போவது ஃபோர்ஸ்கோலின் குப்பியின் மேல்தான். அதன் வேர் நம் ஊர்த் தோட்டத்துக் கிழங்கில் இருக்கிறது என்று அந்தக் குப்பியை எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சரி, இவ்வளவு தெரிந்த பிறகும் இதில் புராஜெக்ட் செய்ய என்ன மிச்சம் என்று கேட்கலாம், அவன் கைடும் கேட்டாராம். சுத்தமான ஃபோர்ஸ்கோலினை நரம்பில் ஏற்றுவது வேறு, கிழங்கின் சாற்றை வாய்வழி ஒரு மாதம் கொடுப்பது வேறு. இரண்டாவதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, கீழே வருகிறேன்.

இப்போது மாடல்கள். முதலில் தள்ளிவிட வேண்டியதைத் தள்ளிவிடுகிறேன்.

மயக்க மருந்து கொடுத்த சாதாரண எலி. யூரித்தேன் போட்டு, கழுத்தில் கேரோடிட் தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டு, அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரோடு இணைத்து, ஜுகுலர் சிரை வழியாகச் சாற்றை ஏற்ற வேண்டும். திரையில் கோடு படக்கென்று கீழே இறங்கும். ஒரே நாளில் முடிந்துவிடும், படமும் அழகாக வரும், அதனால்தான் பழைய ஆய்வுகளில் பாதி இப்படி இருக்கின்றன. பிரச்சினை என்னவென்றால் எந்தச் செடியின் கச்சாச் சாற்றை நரம்பில் ஏற்றினாலும் கோடு இறங்குவதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. தாவரச் சாற்றில் பொட்டாசியம் தாராளமாக இருக்கும், அசிடைல்கோலின் போல வேலை செய்யும் சமாச்சாரங்களும் இருக்கலாம். இரண்டுமே சிரையில் போனால் அழுத்தத்தைச் சாய்க்கும். அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபினை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தீர்களா, அதே அளவு பொட்டாசியத்தைத் தனியாக ஏற்றிப் பார்த்தீர்களா என்று தேர்வாளர் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். அதோடு கிழங்குப் பொடியை யாரும் நரம்பில் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை. வேண்டாம்.

ஃப்ரக்டோஸ் மாடலையும் ஒரே மூச்சில் தள்ளலாம். குடிதண்ணீரில் 10 சதவீத ஃப்ரக்டோஸ், அவ்வளவுதான், ஆபரேஷன் இல்லை, விஷம் இல்லை. ஆனால் ஏறும் அழுத்தம் கொஞ்சம்தான். வாலில் அளந்தால் ஏறியதாகத் தெரிவது, உடலுக்குள் கருவி பதித்து அளந்தபோது ஏறவே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. சர்க்கரை நோயோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அது இருக்கட்டும்.

அப்புறம் டோகா உப்பு மாடல். எலியின் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, டியாக்ஸிகார்ட்டிகோஸ்டீரோன் அசிடேட்டை எண்ணெயில் கலந்து தோலுக்கடியில் வாராவாரம் போட்டு, குடிக்க 1 சதவீத உப்புத் தண்ணீர் வைப்பார்கள். நான்கு வாரத்தில் அழுத்தம் நன்றாக ஏறிவிடும். உப்பும் நீரும் தேங்கி ஏறுகிற அழுத்தம் இது, சிறுநீரகம் சுரந்து அழுத்தத்தை ஏற்றிவிடும் ரெனின் இதில் அடங்கிக் கிடக்கும். அதனால் ரெனின் வழியை அடைக்கும் கேப்டோப்ரில் போன்ற மருந்து இதில் பெரிதாக எடுபடாது. சிறுநீரைப் பிரிக்கும் மூலிகைகளுக்கு, நெருஞ்சி மாதிரி ஒன்றை எடுத்திருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பேன். கூர்க்கனுக்கு இது முதல் தேர்வு இல்லை, ஆனால் அந்த அடங்கிக் கிடக்கும் ரெனினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத் தமனியை இறுக்கும் மாடல் இதற்கு நேர் எதிர். 1934இல் கோல்ட்பிளாட் நாய்களில் தொடங்கிவைத்தது. எலியில் இப்போது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வெள்ளிக் கிளிப்பை இடது சிறுநீரகத் தமனியில் மாட்டுகிறார்கள். ரத்தம் குறைவாக வருகிறதே என்று அந்தச் சிறுநீரகம் ரெனினைக் கொட்டும், அழுத்தம் ஏறும். கேப்டோப்ரில் இங்கே பிரமாதமாக வேலை செய்யும். ரோசெல், அதாவது நம் புளிச்சகீரை வகையின் சிவப்புப் புல்லிவட்டம், கேப்டோப்ரில் தடுக்கும் அதே ஏசிஇ நொதியைத் தடுக்கிறது என்ற சாட்சி இருப்பதால் அந்த மாதிரிச் செடிக்கு இந்த மாடல் பொருந்தும். ஆனால் கிளிப் மாட்டக் கை பழகியிருக்க வேண்டும். தமனி நூல் கனம்கூட இருக்காது, கொஞ்சம் அதிகமாக இறுகினால் சிறுநீரகம் செத்துவிடும், தளர்வாக இருந்தால் அழுத்தம் ஏறாது. முதல் முறை கத்தி பிடிக்கும் மாணவன் ஆறு எலியில் மூன்றை இழப்பான், அந்த மூன்றுக்கும் நெறிமுறைக் குழுவிடம் பதில் சொல்ல வேண்டும். எலியின் பாவமும் இருக்கிறது, அதை நான் சும்மா சொல்லவில்லை.

எஸ்எச்ஆர் எலி, பிறவியிலேயே அழுத்தம் ஏறும் இனம். 1963இல் கியோட்டோவில் ஒகாமோட்டோவும் ஆவோகியும் விஸ்டார் என்ற ஆய்வக இன எலிகளில் அழுத்தம் அதிகமானவற்றை மட்டும் ஜோடி சேர்த்துச் சேர்த்து உருவாக்கியது. ஆறேழு வாரத்தில் ஏற ஆரம்பித்து, வளர்ந்த எலியில் 180 மிமீ பாதரசத்தைத் தாண்டும். மனிதர்களுக்குக் காரணம் தெரியாமல் வருகிற அழுத்தத்துக்கு மிக நெருக்கமான எலி என்று எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பணமும் நேரமும் இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். இருக்காது. எலி எல்லா ஊரிலும் கிடைக்காது, வரவழைத்து, ஒப்பிட விஸ்டார் கியோட்டோ எலிகளையும் தனியாக வாங்கி, அவை 12 வாரம் ஆகும்வரை தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். முதுகலை மாணவனுக்குக் கையில் இருப்பது எட்டு மாதம், அதில் சாறு எடுப்பதும் அனுமதி வாங்குவதும் போக நான்கு.

மிச்சம் எல்-நேம். நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் இது. ரத்தக்குழாயின் உள்சுவர் தன்னைத் தளர்த்திக்கொள்ளப் பயன்படுத்தும் வாயு நைட்ரிக் ஆக்ஸைடு, அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998இன் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் போனது. அதை நிறுத்திவிட்டால் குழாய் இறுகிக் கிடக்கும், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்தால் சாதாரண விஸ்டார் எலியிலேயே அழுத்தம் நன்றாக எகிறிவிடும். ஆபரேஷன் இல்லை, எலி கிடைக்கும், பொருளும் கிடைக்கும். ஈசியான மாடல் என்று கைடு மனதில் வைத்திருந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் இதைச் சொன்ன காரணம் வேறு. பல மூலிகைகள் அழுத்தத்தைக் குறைப்பது உள்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடைக் கிளப்பிவிட்டுத்தான். அந்த நொதியையே அடைத்துவிட்டு அந்த மூலிகையைக் கொடுத்தால், வாசலைப் பூட்டிவிட்டு விருந்தாளியை வரச்சொன்ன கதைதான், நல்ல செடியும் சோப்பளாங்கியாகத் தெரியும். ஃபோர்ஸ்கோலின் அப்படியில்லை. அது தசைக்குள்ளேயே நேராகப் போய் வேறு கதவைத் தட்டுவது, நைட்ரிக் ஆக்ஸைடு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அதன் வேலை நடக்கும். ஆக எல்-நேம் எலியில் கூர்க்கன் சாறு அழுத்தத்தைக் குறைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, குறைக்காவிட்டாலும் அர்த்தம் இருக்கிறது.

என் சந்தேகத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்தில் ரெனினைச் சுரக்கும் செல்களிலும் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் ரெனின் வெளியே வரும். ஃபோர்ஸ்கோலின் அதையும் செய்கிறது. அதாவது ஒரு பக்கம் குழாயைத் தளர்த்திக்கொண்டே மறுபக்கம் இறுக்குவதற்கான ஆளையும் கூப்பிடுகிற பொருள். ஒரு தடவை ஊசியில் ஏற்றும்போது இது கண்ணில் படாது, ஒரு மாதம் தினமும் கொடுக்கும்போது முதல் வாரத்தில் இறங்கிய அழுத்தம் நான்காம் வாரத்தில் மெல்ல மேலே வரலாம். புராஜெக்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். வாராவாரம் அளக்க வேண்டும், கடைசியில் ரத்தத்தில் ரெனினையும் பார்க்க வேண்டும், இதயத் துடிப்பை விடவே கூடாது. அழுத்தம் இறங்கித் துடிப்பு ஏறிக்கொண்டே போனால் அது நல்ல செய்தி இல்லை.

எதை வைத்து அளப்பது என்பதில் மூன்று வழிகள், தேர்வு செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. வயிற்றுப் பெருந்தமனியில் சிறு கருவி பதித்து, எலி கூண்டில் ஓடியாடும்போதே ரேடியோ வழியாக எடுப்பது டெலிமெட்ரி. அதுதான் உயர்ந்தது, பெரும்பாலான கல்லூரிகளில் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்க்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2005இல் விலங்குகளில் அழுத்தம் அளப்பது பற்றி வெளியிட்ட பரிந்துரையிலும், வாலில் கஃப் மாட்டி அளப்பது பெரிய வித்தியாசங்களைப் பிடிக்கச் சரி, நுணுக்கமான வேலைக்கு டெலிமெட்ரி என்றுதான் இருக்கிறது. எல்-நேம் ஏற்றுவது பெரிய வித்தியாசம், ஆகவே வால் போதும். கடைசி நாளில் எலியை மயக்கத்தில் வைக்கத்தானே போகிறோம், அப்போது கேரோடிட்டில் ஒருமுறை நேரடியாக அளந்துவிட்டால் வாலின் எண்ணுக்குச் சாட்சி கிடைத்துவிடும்.

வால் அளப்பது பார்க்கத்தான் சுலபம். எலியை அக்ரிலிக் குழாய்க்குள் விட்டு வாலை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். அது உள்ளே திரும்பப் பார்க்கும், முடியாமல் சிறுநீர் கழிக்கும், வால் சில்லென்று ஆகிவிடும், வால் குளிர்ந்தால் நாடித்துடிப்பே கருவிக்குக் கிடைக்காது. நான் முதன்முதலில் செய்தபோது ஒரு எலியின் கண்ணோரம் சிவப்பாக வடிந்ததைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துக் கை நடுங்கிப் போனேன். அனிமல் ஹவுஸ் அண்ணன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், "ரத்தமில்ல தம்பி, பயந்தா அப்படித்தான் வரும்." போர்ஃபைரின் என்ற நிறமி அது. பயந்த எலியில் அளந்தால் வருவது பயத்தின் அழுத்தம், செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வாரம் தினமும் குழாய்க்குள் விட்டு விட்டுப் பழக்க வேண்டும், மேடையைச் சூடாக்கி வாலைக் கதகதப்பாக வைக்க வேண்டும், ஒரே ஆள், ஒரே நேரம். ஐந்தாறு முறை எடுத்து ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் மூன்றின் சராசரியைப் போட வேண்டும். எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்பது அளப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, தெரிந்தால் நம் மனது நமக்குப் பிடித்த மூன்றைப் பொறுக்கும், பொறுக்காது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

சாறு தண்ணீரிலா ஆல்கஹாலிலா என்பது இரண்டே வரி. ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் சரியாகக் கரையாது. கஷாயம்தான் பாரம்பரியம் என்று தண்ணீரில் காய்ச்சினால் சரக்கில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், எத்தனால் எடுங்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், இதில் நான் அடிபட்டவன். என் புராஜெக்டில் வேலை மிச்சம் என்று எல்-நேமையும் குடிதண்ணீரில் கலந்தேன், சாற்றையும் அதே புட்டியில் கலந்தேன். மூன்றாம் வாரம் சாறு குடித்த எலிகளில் அழுத்தம் மளமளவென்று குறைந்திருந்தது. ஹாஸ்டலில் அன்று எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் புட்டிகளைக் கழுவும்போதுதான் பார்த்தேன், மற்ற கூண்டில் புட்டி காலி, இந்தக் கூண்டில் பாதி அப்படியே இருக்கிறது. சாறு கசப்பு, எலி குடிக்கவில்லை. தண்ணீரைக் குடிக்காததால் எல்-நேமும் உள்ளே போகவில்லை, பிறகு அழுத்தம் எங்கிருந்து ஏறும்? எடையும் குறைந்திருந்தது. இரண்டு மாத வேலை போச்சு. அதனால் இரண்டையுமே அளந்து வாய்வழிக் குழாயில் கொடுத்துவிடுங்கள், 250 கிராம் எலிக்கு இரண்டரை மில்லிக்கு மேல் போகாமல், சாற்றை அரை சதவீத சிஎம்சி என்ற பசைக் கரைசலில் கலக்கி. தண்ணீர் குடித்த அளவையும் எடையையும் தினமும் எழுதுங்கள், அது எவ்வளவு சலிப்பான வேலை என்று எனக்குத் தெரியும்.

எல்-நேமோடு சேர்த்தே சாற்றைத் தொடங்குவதா, அழுத்தம் ஏறிய பிறகு தொடங்குவதா? முதலாவது தடுக்கிறதா என்ற கேள்வி, இரண்டாவது குறைக்கிறதா என்ற கேள்வி. முதலாவதைச் செய்துவிட்டுத் தலைப்பில் இரண்டாவதைப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கூர்க்கனுக்கு நான் இரண்டாவதைச் சொன்னேன்: முதல் நான்கு வாரம் எல்-நேம் மட்டும், அடுத்த நான்கு வாரம் எல்-நேமும் சாறும். எட்டு வாரம் ஆகும், ஆனால் ரெனின் எட்டிப்பார்க்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஒப்பிட கேப்டோப்ரில் ஒரு குழு, அந்த மருந்துக்கே மூலம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம் என்பது வைவாவில் சொல்ல உதவும். சாதாரண எலிக்குச் சாறு மட்டும் கொடுக்கும் குழுவையும் விடக்கூடாது.

அளவு ஒரு கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று போடலாம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும். 400 என்பது மனிதனுக்குக் கிலோவுக்கு சுமார் 65 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு. காய்ந்த கிழங்கில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைக்கிறது என்று வைத்தால் தினமும் 40 கிராம் காய்ந்த கிழங்கு. "எலிக்கு வேலை செஞ்சிருக்கு, நான் பொடி சாப்பிடலாமா" என்று கேட்கிற சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும். ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கணக்குகூட வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று சொல்லிவிடலாம்.

எல்லாம் கேட்டுவிட்டு எல்-நேம், எட்டு வாரம், வால், கடைசியில் கேரோடிட் என்று எழுதிக்கொண்டான். மறுநாள் திரும்ப போன். பக்கத்தில் அவன் அப்பா. எத்தனை மூட்டை எடுத்துவைக்கட்டும் என்று கேட்கிறாராம். கணக்குப் போட்டோம்: குழுவுக்கு ஆறு எலி, சிறிய அளவு எலிக்கு 50 மில்லிகிராம், பெரிய அளவு 100, சாறு மட்டும் குடிக்கும் குழுவுக்கும் 100, மொத்தம் ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம், 28 நாளுக்கு 42 கிராம் சாறு. காய்ந்த கிழங்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு, சிந்துவது சிதறுவதெல்லாம் சேர்த்து ஒரு கிலோ.

"ஒரு கிலோவா?" என்றார் அவர். டன் கணக்கில் ஏற்றிவிட்டவர். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, நல்லதாப் பார்த்துப் பொறுக்கி அனுப்பறேன், பூவோட ஒரு செடியும் வேணுமா?" என்று கேட்டார். வேண்டும், தாவரவியல் துறையில் அடையாளம் உறுதிசெய்து ஹெர்பேரியம் எண் வாங்க அதுதான் வேண்டும். அதைப் பையனிடம் சொல்ல நான் மறந்தே போயிருந்தேன்.